கொள்குறி வகை வினாக்களை ஆய்ந்து விடையளித்தல்: தேசியத் தகுதித் தேர்வின் தமிழ்த்தாளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்குரிய தகுதியை வழங்கும் தேசியத் தகுதித் தேர்வு (நெட்) இன்று முழுவதும் கொள்குறி வகை வினாக்களால் அமைந்துள்ளது. அத்தேர்வுக்கான பயிற்சி பெரும்பாலும் வினா விடைத் தொகுப்புகளை மனனம் செய்தல் என்ற அளவில் நின்றுவிடுகிறது. சரியான விடையை அறிவதோடு, தவறான விடைத்தெரிவு ஒவ்வொன்றும் ஏன் தவறு என்பதைக் காரணத்தோடு மறுக்கும் பழக்கமே இவ்வகை வினாக்களுக்கு உரிய பயிற்சி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நேரடி வினா, பொருத்துக, கூற்று–காரணம், காலவரிசை ஆகிய நான்கு வினா வகைகள் தமிழ் இலக்கிய, இலக்கண எடுத்துக்காட்டுகளோடு ஆராயப்படுகின்றன. எடுத்துக்காட்டு வினாக்கள் இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்டவை.

திறவுச்சொற்கள்: கொள்குறி வகை வினா, விடைத்தெரிவு, அறிவினா, ஐயவினா, கூற்று–காரணம், தேசியத் தகுதித் தேர்வு.

முன்னுரை

நான்கு விடைகளைத் தந்து அவற்றுள் ஒன்றைத் தேரச் செய்யும் வினாமுறை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உடையது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஃபிரெடெரிக் ஜே. கெல்லி 1915ஆம் ஆண்டளவில் உருவாக்கிய வாசிப்புத் தேர்வு இம்முறையின் தொடக்கங்களுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. திருத்துபவரின் மனப்போக்கு மதிப்பெண்ணைப் பாதிக்கக் கூடாது என்பதே அதன் முதன்மை நோக்கமாகும். பெருந்தொகையினர் எழுதும் தேர்வுகளை விரைவாகவும் ஒரே சீராகவும் மதிப்பிட முடிந்ததால் இம்முறை உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் 1989 முதல் நடைபெற்றுவரும் தேசியத் தகுதித் தேர்வில் நெடுங்காலம் மூன்றாம் தாள் விரிவான விடை எழுதும் தாளாக இருந்தது. 2012ஆம் ஆண்டு ஜூன் மாதத் தேர்விலிருந்து அத்தாளும் கொள்குறி வகைக்கு மாறியது. 2018இல் தாள்கள் இரண்டாகக் குறைக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் முதல் தேசியத் தேர்வு முகமை இத்தேர்வை நடத்தி வருகிறது. முதல் தாளில் 50 வினாக்களும் பாடத்தாளில் 100 வினாக்களும் இடம்பெறுகின்றன. ஒவ்வொரு வினாவுக்கும் 2 மதிப்பெண். மொத்தம் 300 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம் வழங்கப்படுகிறது. அதாவது ஒரு வினாவுக்குச் சராசரியாக 72 விநாடிகள் கிடைக்கின்றன. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை.

இம்மாற்றத்தின் விளைவைத் தமிழ்த்துறைகள் கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது. இலக்கியத்தைக் கற்பிக்கவிருக்கும் ஒருவர், தம் தகுதியை நிறுவும் தேர்வில் ஒரு பத்தியேனும் எழுத வேண்டிய தேவை இன்று இல்லை. எனவே சிந்திக்கும் பயிற்சி தேர்வறையில் அல்லாமல், அதற்கு முன்னுள்ள ஆயத்தக் காலத்தில்தான் நிகழ வேண்டும். அந்த ஆயத்தம் மனனமாகச் சுருங்குமானால் இழப்பு தேர்வரோடு நிற்காது. அவர்பால் கற்கும் மாணவரையும் சேரும்.

அறிவினாவும் ஐயவினாவும்

நன்னூல் சொல்லதிகாரப் பொதுவியலில் பவணந்தி முனிவர் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகப் பகுக்கிறார். வினவுபவர் விடையை அறிந்திருந்தும் பிறர் அறிவை அளத்தற்பொருட்டு வினவுவது அறிவினா. தேர்வு வினாக்கள் அனைத்தும் வினாத்தாள் அமைப்பவர் நோக்கில் அறிவினாக்களே. ஆனால் கொள்குறி வகையில் விடைத்தெரிவுகளும் உடன் தரப்படுவதால், தேர்வர் நோக்கில் அவ்வினா ஐயவினாவாக உருமாறுகிறது. 'இதுவோ, அதுவோ' என்னும் நிலையில் அவர் நிறுத்தப்படுகிறார்.

ஐயம் தீர்க்கும் முறையைப் பற்றித் தமிழ் இலக்கணம் நுட்பமாகவே பேசுகிறது. தொல்காப்பியக் கிளவியாக்கம் ஐயப்பொருளை எவ்வாறு சொல்வது என்பதோடு, ஐயம் நீங்கித் துணியும்போது வரும் அன்மைக் கிளவியையும் எடுத்துரைக்கிறது. தொலைவில் தோன்றுவது மரக்கட்டையா, மனிதனா என ஐயுற்றவர் துணியும் தொடரில் உடன்பாடும் மறுப்பும் ஒருங்கே அமையும். மனிதன் என்று தேறுவதும் கட்டை அன்று என்று விலக்குவதும் ஒரே துணிபின் இரு பக்கங்கள். கொள்குறி வகை வினாவுக்கும் இது பொருந்தும். ஒரு விடையைக் கொள்ளுதல், எஞ்சிய மூன்றையும் தள்ளுதலை உள்ளடக்கியது. தள்ளுவதற்குக் காரணம் கூற இயலாதவர் கொண்ட விடை, சரியாக அமைந்தாலும், துணிபு ஆகாது.

தவறான விடைத்தெரிவுகளின் பயன்

பின்வரும் நேரடி வினாவை எடுத்துக்கொள்ளலாம்.

குறுந்தொகையைத் தொகுத்தவர் யார்?
(1) உருத்திரசன்மர் (2) பூரிக்கோ (3) கூடலூர் கிழார் (4) பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி

விடை பூரிக்கோ என்பதை அறிந்தவர் சில விநாடிகளில் கடந்துவிடுவார். ஆயத்த நிலையில் அவ்வாறு கடந்துவிடுவது பேரிழப்பாகும். ஏனெனில் எஞ்சிய மூன்று பெயர்களும் எழுந்தமானமாக வைக்கப்பட்டவை அல்ல. உருத்திரசன்மர் அகநானூற்றைத் தொகுத்தவர். கூடலூர் கிழார் ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர். மாறன் வழுதியோ நற்றிணையைத் தொகுப்பித்தவன். நான்காம் தெரிவு ஏனைய மூன்றிலிருந்தும் வகையால் வேறுபட்டது. தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்னும் வேறுபாட்டைத் தேர்வர் உணர்ந்துள்ளாரா என்பதை அது சோதிக்கிறது.

ஒவ்வொரு தெரிவையும் 'இது எந்த வினாவுக்குச் சரியான விடையாகும்?' என்று திருப்பிக் கேட்டால் ஒரு வினா நான்காகிறது. அவ்வாறு கேட்கும்போது விடுபட்ட இடங்களும் புலப்படும். நற்றிணையைத் தொகுத்தவர் பெயரும், குறுந்தொகையைத் தொகுப்பித்தவர் பெயரும் அறியப்படவில்லை. அகநானூற்றைத் தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஒரு பெயரை மனனம் செய்வதில் தொடங்கிய பயிற்சி, அகத்தொகைகள் நான்கின் தொகுப்பு வரலாறாக விரிவடைகிறது. அகநானூற்றையும் நற்றிணையையும் பாண்டியரும், ஐங்குறுநூற்றைச் சேரனும் தொகுப்பித்தமை ஆய்வுக்குரிய வினாவையும் எழுப்பக்கூடும்.

இப்பயன் கல்வி உளவியல் ஆய்வுகளாலும் உறுதிப்படுகிறது. ஜெரி லிட்டில், எலிசபெத் பியோர்க், ராபர்ட் பியோர்க் முதலியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, விடைத்தெரிவுகள் ஒன்றோடொன்று போட்டியிடும் வகையில் நன்கு அமைக்கப்பட்டிருந்தால், தவறான தெரிவுகள் குறித்த செய்திகளையும் கற்போர் நினைவிலிருந்து மீட்டெடுக்கின்றனர் எனக் காட்டியது. போட்டியிடாத தெரிவுகள் இப்பயனைத் தருவதில்லை. மேற்கண்ட வினாவில் மாறன் வழுதிக்கு மாற்றாக ஓர் இக்கால எழுத்தாளரின் பெயர் இருப்பின், அது விலக்குதற்கு எளிது. கற்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

பொருத்துக

நான்கு உறுப்புகளை நான்கோடு பொருத்துதற்கு 24 வழிகள் உள்ளன. வினாத்தாளில் அவற்றுள் நான்கு மட்டுமே தரப்படுகின்றன. எனவே எல்லா இணைகளையும் அறியாதவரும் விடையை அடைய இயலும். எந்த இணையை முதலில் சோதிப்பது என்பதே இங்குத் தேவைப்படும் சிந்தனை.

கலித்தொகைப் பகுதிகளை அவற்றைப் பாடியவரோடு பொருத்துக.
(அ) பாலைக்கலி (ஆ) மருதக்கலி (இ) முல்லைக்கலி (ஈ) நெய்தற்கலி
1. நல்லுருத்திரன் 2. நல்லந்துவனார் 3. பெருங்கடுங்கோ 4. இளநாகனார்

(1) அ-3, ஆ-1, இ-4, ஈ-2
(2) அ-4, ஆ-3, இ-1, ஈ-2
(3) அ-3, ஆ-4, இ-1, ஈ-2
(4) அ-3, ஆ-4, இ-2, ஈ-1

பாலைக்கலி பெருங்கடுங்கோ பாடியது என்பதை மட்டும் அறிந்தவர் இரண்டாம் தெரிவை விலக்கலாம், மூன்று எஞ்சும். நெய்தற்கலி நல்லந்துவனார் பாடியது என்பதையும் சேர்த்தறிந்தால் முதலாம், மூன்றாம் தெரிவுகள் எஞ்சும். ஆனால் மருதக்கலியையும் முல்லைக்கலியையும் பாடியவர்களை அறிந்தவர், ஏனைய இரண்டையும் அறியாவிடினும், மூன்றாம் தெரிவே விடை என உறுதியாகத் துணியலாம். இருவரும் அறிந்தவை இரண்டிரண்டு இணைகளே, பயனோ வேறு. தெரிவுகளைச் சரிபாதியாகப் பிரிக்கும் இணையை முதலில் நோக்குவது 72 விநாடிக்குள் விடை காண உதவும்.

இவ்வினாவில் புலவர் பெயர்கள் சுருக்கித் தரப்பட்டிருப்பது கருதத்தக்கது. 'பாலை பாடிய பெருங்கடுங்கோ', 'மருதன் இளநாகனார்' என முழுமையாகத் தந்திருப்பின் பெயரே விடையைக் காட்டிக்கொடுத்திருக்கும். மற்றொரு குறைபாடும் இதில் உள்ளது. நான்கு தெரிவுகளிலும் ஒவ்வோர் உறுப்புக்கும் மிகுதியாக வரும் எண்ணைத் தொகுத்தால் 3, 4, 1, 2 என மூன்றாம் தெரிவே கிடைக்கிறது. கலித்தொகையைக் கண்டிராதவரும் இவ்வகையில் மதிப்பெண் பெறலாம். சரியான விடையை முதலில் எழுதிவிட்டு அதைச் சிறிது சிறிதாக மாற்றித் தவறான தெரிவுகளை அமைப்பதால் இக்குறை நேர்கிறது. தேர்வர் இதைக் கடைசிப் பற்றுக்கோடாகக் கொள்ளலாம். வினாத்தாள் அமைக்கும் ஆசிரியரோ இதைத் தவிர்க்கக் கடமைப்பட்டவர்.

கூற்றும் காரணமும்

கூற்று–காரண வினாவில் மூன்று தீர்ப்புகள் அடங்கியுள்ளன. கூற்று உண்மையா, காரணம் எனத் தரப்பட்டது உண்மையா, இரண்டும் உண்மையாயின் பின்னது முன்னதை விளக்குகிறதா என்பன அவை. முதல் இரண்டையும் முடித்தவுடன் மூன்றாவதை ஆராயாமல் விடையளிப்பதே இவ்வகையில் நேரும் பெரும்பிழை.

கூற்று: சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இரட்டைக் காப்பியங்கள் எனப்படுகின்றன.
காரணம்: இரு காப்பியங்களும் முப்பது காதைகளைக் கொண்டவை.

இரண்டும் உண்மை. 'இரட்டை' என்னும் சொல்லும் காதைகளின் எண்ணொப்புமையும் ஒன்றையொன்று ஈர்ப்பதால், காரணம் கூற்றை விளக்குவதாகவே தோன்றும். இங்கு இரு சோதனைகள் துணைசெய்யும். முதலாவது, கூற்றையும் காரணத்தையும் 'ஏனெனில்' என்னும் சொல்லால் இணைத்துப் படித்தல். இது தொடக்கநிலைச் சோதனை மட்டுமே. மேற்கண்ட வினாவில் 'ஏனெனில்' இடறலின்றிப் பொருந்திவிடுகிறது. இரண்டாவது, காரணத்தை நீக்கிப் பார்த்தல். மணிமேகலை 28 காதைகளோடு முடிந்திருந்தால் அது இரட்டைக் காப்பியங்களுள் ஒன்றாகக் கருதப்படாமல் போயிருக்குமா? போயிருக்காது. கோவலன், கண்ணகி, மாதவி கதையின் தொடர்ச்சியாக மணிமேகலையின் கதை அமைந்திருப்பதே அவ்வழக்குக்கு அடிப்படை. கதைத்தொடர்பை நீக்கினால் கூற்று நிலைகுலையும். காதை எண்ணிக்கையை நீக்கினால் நிலைகுலையாது. ஆகவே, 'இரண்டும் சரி. ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை' என்பதே விடை.

உடன்நிகழ்வைக் காரணமாக மயங்கும் இப்பிழை தமிழ் மரபுக்குப் புதிதன்று. மணிமேகலையின் 29ஆவது காதையான தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை, பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் அளவை உறுப்புகளையும் அவற்றின் போலிகளையும் விரிவாக வகைப்படுத்துகிறது. ஏதுப் போலி என்பது காரணம் போலத் தோன்றி, நிறுவ வேண்டியதை நிறுவாதது. கூற்று–காரண வினாவில் தேர்வர் செய்வது ஏதுவையும் ஏதுப் போலியையும் பிரித்தறிதலே. காப்பியத்தின் இப்பகுதியை ஊன்றிப் படித்தவருக்கு அது பாடப்பொருளாகவும் தேர்வுக் கருவியாகவும் ஒருங்கே பயன்படும்.

காலவரிசை

காலவரிசை வினாக்களை ஆண்டுகளை மனனம் செய்தே எதிர்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அச்சுப் பதிப்புகளைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. உ.வே. சாமிநாதையர் பதிப்புகளில் சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்பவற்றை நினைவில் கொள்ளாமல் வரிசைப்படுத்துவது கடினம். ஆயினும் நூல்களுக்கு இடையிலான உறவே காலத்தைக் காட்டும் இடங்கள் பல உள்ளன.

இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், சிவஞான முனிவர் ஆகிய நால்வரையும் வரிசைப்படுத்தக் கேட்கும் வினாவில், ஒருவருக்கேனும் உறுதியான ஆண்டு தெரியாவிடினும் விடை காணலாம். உரையாசிரியர் எனப்படும் இளம்பூரணரின் கருத்துகளைச் சேனாவரையர் எடுத்துக்காட்டி மறுக்கிறார். சேனாவரையரை நச்சினார்க்கினியர் மறுக்கிறார். தொல்காப்பியச் சூத்திர விருத்தியில் முன்னோர் உரைகளை ஆராயும் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டினர். மறுக்கப்பட்டவர் மறுத்தவருக்கு முற்பட்டவர் என்னும் ஒரே விதி வரிசை முழுவதையும் தந்துவிடுகிறது. இவ்வாறு கற்றவர் நால்வரின் காலத்தை மட்டுமன்றி, அவர்களுக்கு இடையே நிகழ்ந்த உரைவிவாதத்தையும் அறிந்தவராகிறார்.

கருத்து வேறுபாடு உள்ள இடங்கள்

கொள்குறி வகை ஒரே விடையைக் கோருகிறது. ஆய்வுலகம் பல இடங்களில் ஒரே விடையை ஏற்பதில்லை. மேலே கண்ட கலித்தொகை வினா, ஐந்து பகுதிகளை ஐவர் பாடினர் என்னும் மரபுச் செய்தியை அடிப்படையாகக் கொண்டது. நூல் முழுவதையும் நல்லந்துவனார் ஒருவரே பாடினார் என்னும் கருத்தும் உண்டு. சி.வை. தாமோதரம் பிள்ளை 1887இல் அந்நூலை அவர் பெயரோடு சேர்த்தே பதிப்பித்தார். அவ்வாறே தமிழ்நாடு அரசு ஏற்ற திருவள்ளுவர் ஆண்டு கி.மு. 31ஐ அடிப்படையாகக் கொண்டது, எஸ். வையாபுரிப் பிள்ளையோ திருக்குறளை அதற்கு மிகப் பிற்பட்ட காலத்ததாகக் கருதினார்.

இத்தகைய இடங்களில் வினாத்தொடரில் உள்ள வரையறைச் சொற்களே வழிகாட்டும். 'மரபுப்படி', 'அரசு ஏற்றபடி', 'இன்னாரின் கருத்துப்படி' என்பன எந்தச் சட்டகத்துக்குள் விடையளிக்க வேண்டும் என்பதை உணர்த்துகின்றன. தேர்வர் தம் ஆய்வு முடிவை அங்கு நிலைநாட்ட முயல்வது பொருந்தாது. வரையறைச் சொல் இல்லாமல் கருத்து வேறுபாடுள்ள செய்தி கேட்கப்படுமானால் குறை வினாவைச் சார்ந்தது. தேர்வு முகமை தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு, சான்றுகளோடு மறுப்புத் தெரிவிக்க வாய்ப்பளிக்கிறது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்துதற்கும், தெரிவுகளைக் காரணத்தோடு ஏற்றும் மறுத்தும் பழகியவருக்கே இயலும்.

ஊகத்தின் எல்லை

மதிப்பெண் குறைப்பு இல்லாத தேர்வில் எந்த வினாவையும் விடையளிக்காமல் விடுவது அறிவுடைமை ஆகாது. ஒன்றும் அறியாமல் நான்கில் ஒன்றைத் தேர்ந்தால் வாய்ப்பு 25 விழுக்காடு. ஒரு தெரிவை உறுதியாக விலக்கினால் அது 33 விழுக்காடாகவும், இரண்டை விலக்கினால் 50 விழுக்காடாகவும் உயரும். ஐயத்துக்குரிய 20 வினாக்களில் குருட்டு ஊகம் சராசரியாக 5 சரியான விடைகளைத் தரும். ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு தெரிவுகளை விலக்கியவருக்குச் சராசரியாக 10 கிடைக்கும். வேறுபாடு 10 மதிப்பெண். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறைக்கப்படும் தேர்வுகளில் குருட்டு ஊகத்தின் சராசரிப் பயன் சுழியாகும். அங்கும் ஒரு தெரிவையேனும் உறுதியாக விலக்கியவருக்கு ஊகம் பயன் தரும்.

முதலில் தோன்றிய விடையை மாற்றக் கூடாது என்னும் அறிவுரை தேர்வர் இடையே வழங்கி வருகிறது. ஜஸ்டின் குரூகர், டெரிக் விர்ட்ஸ், டேல் மில்லர் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதை ஏற்கவில்லை. இல்லினாய் பல்கலைக்கழக மாணவர் 1,561 பேரின் விடைத்தாள்களில் செய்யப்பட்டிருந்த மாற்றங்களுள் 51 விழுக்காடு தவற்றிலிருந்து சரிக்கும், 25 விழுக்காடு சரியிலிருந்து தவற்றுக்கும் சென்றவை. சரியான விடையை மாற்றி இழந்த நினைவு ஆழமாகப் பதிவதால்தான் அவ்வறிவுரை நிலைபெற்றது என்பது அவர்களின் விளக்கம். மாற்றத்துக்குக் காரணம் கூற முடியுமாயின் மாற்றலாம். மனக்கலக்கம் மட்டுமே காரணமாயின் மாற்ற வேண்டியதில்லை.

பயிலும் முறை

கொள்குறி வகைப் பயிற்சியில் ஓர் இடரும் உண்டு. தவறான தெரிவுகளைத் திரும்பத் திரும்பப் படிப்பவர் பின்னாளில் அவற்றையே உண்மையென நினைவுகூரக்கூடும் என ஹென்றி ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005இல் காட்டினர். விடையளித்தபின் சரியான விடை உடனுக்குடன் அல்லது சிறிது நேரம் கழித்தேனும் தெரிவிக்கப்பட்டால் இவ்விடர் குறைகிறது என்பதை ஆண்ட்ரூ பட்லரும் ரோடிகரும் 2008இல் எடுத்துரைத்தனர். எனவே விடைக்குறிப்பு இல்லாத, அல்லது பிழையான விடைக்குறிப்பு உள்ள தொகுப்புகளைக் கொண்டு பயில்வது பயனின்மையோடு நில்லாமல் கேடும் விளைவிக்கும்.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் பயிற்சி முறை ஒன்று உருவாகிறது. முதலில் தெரிவுகளை மறைத்து வினாத்தொடரை மட்டும் படித்து விடை கூற முயல வேண்டும். பின்னர்த் தெரிவுகளை நோக்கி ஒவ்வொன்றுக்கும் கொள்ளும் காரணத்தையோ தள்ளும் காரணத்தையோ ஒரு தொடரில் எழுத வேண்டும். காரணம் எழுத இயலாத தெரிவுக்கு உரிய மூலநூலையோ உரையையோ அன்றே புரட்டிப் பார்க்க வேண்டும். பிழைத்த விடைகளைச் செய்தி அறியாமை, வினாவைப் பிறழ உணர்தல், காரணத்தை மயங்கக் கொள்ளுதல் என வகைப்படுத்திக் குறித்து வைப்பது, அடுத்துப் படிக்க வேண்டியது எது என்பதைக் காட்டும். இம்முறையில் ஒரு நாளைக்கு 20 வினாக்களுக்கு மேல் பயில்வது கடினம். ஆனால் அந்த 20 வினாக்கள் 80 தெரிவுகளையும் அவற்றுக்குரிய நூற்செய்திகளையும் கற்பிக்கின்றன.

முடிவுரை

கொள்குறி வகை வினா, தன் இயல்பால் அறிவைத் துண்டாக்கிக் கேட்கிறது. துண்டுகளை இணைக்கும் பொறுப்பு கற்பவரிடம் உள்ளது. தொகுத்தவர் பெயரிலிருந்து தொகை வரலாற்றுக்கும், கூற்று–காரணத்திலிருந்து அளவையியலுக்கும், காலவரிசையிலிருந்து உரைமரபுக்கும் செல்லும் வழிகள் வினாவுக்குள்ளேயே உள்ளன என்பதை மேற்கண்ட எடுத்துக்காட்டுகள் புலப்படுத்துகின்றன. தவறான தெரிவை மறுக்கும் காரணமே அவ்வழிகளின் வாயில். தமிழ்த்துறைகள் தகுதித் தேர்வுப் பயிற்சி வகுப்புகளில் விடையைச் சொல்லி அடுத்த வினாவுக்குச் செல்வதை விடுத்து, மாணவரை ஒவ்வொரு தெரிவுக்கும் காரணம் கூறச் செய்யுமானால், தேர்வுக்கான ஆயத்தமும் ஆய்வுக்கான ஆயத்தமும் ஒன்றாகும். நாளை வகுப்பறையில் மாணவர் எழுப்பும் வினாவுக்கு நான்கு தெரிவுகள் தரப்படமாட்டா. அதற்கு விடை கூறும் ஆற்றலை இன்றே வளர்ப்பதற்கு இத்தேர்வுக் காலத்தையும் பயன்படுத்திக்கொள்ள இயலும்.